பதிவில் ஒரு திருத்தம்

டெல்லியில் எனக்கு ஓர் அறை உண்டு. மூத்த பொருளாதார அதிகாரி என்று கதவில் பலகையும் உண்டு. அரசு நிறுவனங்கள் பணத்தை எங்கே, எதற்காகக் கொட்டுகின்றன என்று மேற்பார்வை பார்க்கிற அமைப்பு எங்களுடையது. எந்த ஊருக்குப் போனாலும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற நாத்தனாரைப் பார்ப்பதுபோல்தான் எங்களைப் பார்ப்பார்கள். காபி வரும், சிரிப்பு வராது. எனக்கு அது பழகிவிட்டது. சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது. எல்லாரும் பல்லைக் காட்டி வரவேற்கிற அதிகாரி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அந்த முறை எங்களிடம் வந்தது குவார்ட்டர்ஸ் விவகாரம். ஓய்வு பெற்ற பிறகும் காலி செய்யாமல் வாடகை கொடுத்துக்கொண்டு இருந்துவிடுகிற வழக்கம் நாடு முழுக்க எல்லா டவுன்ஷிப்களிலும் இருக்கிறது. அதை நிறுத்தலாமா என்று நாங்கள் பரிந்துரைக்க வேண்டும். மக்களிடம் கருத்துக் கேட்கத் தேர்ந்தெடுத்த ஊர்களில் நெய்வேலியும் ஒன்று. அங்கே அப்படி இருந்துகொண்டிருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

என் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள், என்னை இதிலிருந்து விட்டுவிடுங்கள் என்று எங்கள் தலைவருக்கு எழுதியே கொடுத்தேன். "தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மறைக்காமல் சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அது போதும்" என்று முடித்துவிட்டார். அவருக்கென்ன, அவர் அப்பா லக்னோவில் சொந்த வீட்டில் இருக்கிறார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையில் அவளுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். அந்த வீட்டில் அவள் யார் கையையும் பிடிக்காமல் நடப்பாள், தானே உலை வைப்பாள், கதவைத் தட்டினால் தானே போய்த் திறப்பாள். வேறு எந்த வீட்டிலும் அவளால் அது முடியாது. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

"நாளைக்குக் கூட்டத்துல அம்மா கண்ணைப் பத்திச் சொல்லுங்கப்பா. நோயாளி இருக்கிற வீட்டுக்கு விலக்கு வேணும்னு யாராவது சொன்னாத்தான் நான் எழுத முடியும். நானா எழுதினா, சொந்த வீட்டுக்காக எழுதினதா ஆயிடும்."

அப்பா பேப்பரை மடிக்கவில்லை. "எம் பொண்டாட்டி கண்ணக் காட்டி என்னப் பிச்ச எடுக்கச் சொல்றியா? மைன்ஸ்ல ஷிப்ட் ஷிப்டா புழுதியத் தின்னுகினு கெடந்தேனே, அது பத்தாதா?"

"பிச்சை இல்லப்பா. பதிவுல ஏறணும், அவ்வளவுதான்."

"டில்லில ஒக்காந்துகினு எங்க வூட்டக் காலி பண்ண எழுதப்போறவ, எனக்கு வழி சொல்ல வந்துட்டா."

"இன்னும் எதுவும் எழுதலை."

"எழுதுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் வைத்திருந்தார். எழுதத்தான் இருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒருத்தர்கூட முகம் கொடுக்கவில்லை. பேச வருகிற ஒவ்வொருவரிடமும், மேடையில் இருக்கும் அதிகாரிகள் யாருக்காவது உறவா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. தமிழ் தெரிந்தவள் என்பதால் கேட்கிற வேலை எனக்கு.

அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மைக் முன்னால் வந்து நின்றார். யூனியனில் பேசிப் பழகிய மனிதர். கேட்டேன்.

"யாருக்கும் உறவு இல்லீங்க, மேடம்" என்றார்.

என் வேலைக்குச் சிக்கல் வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அந்த 'மேடம்' என் காதில் விழுந்தது, அவர்கள் காதில் விழவில்லை. மைக்கை இழுத்து, "பதிவில் ஒரு திருத்தம். இவர் என் தகப்பனார்" என்றேன்.

கூடத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "பெத்த அப்பனையே தெருவுல நிறுத்த வந்திருக்குதுபா இது!" என்றது. சிரிப்பும் கூச்சலும் கிளம்பின. அப்பா மைக்கை விட்டு விலகி நடந்தார். ஊருக்காகவும் பேசவில்லை, அம்மாவுக்காகவும் பேசவில்லை. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்த தலைவர் கேட்டார். நடைமுறை என்றேன்.

அப்பாவுக்கு அடுத்துப் பேச வந்த ஒரு பெண், பக்கவாதத்தில் படுத்திருக்கும் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அந்தப் புண்ணியவதியால் விலக்கு பதிவில் ஏறியது, என் பரிந்துரைப்படி காலி செய்யச் சொல்லி வந்த உத்தரவிலும் இடம்பெற்றது. நோயாளி இருக்கும் வீட்டுக்காரர் டாக்டர் சான்றிதழோடு தானே விண்ணப்பிக்க வேண்டும். அப்பா போட வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. போனில் கெஞ்சினேன், பிறகு கத்தினேன்.

"நீ எழுதன சட்டத்துக்குக் கீழ என் கையெழுத்து வராது" என்று வைத்துவிட்டார்.

காலி செய்துகொண்டு குறிஞ்சிப்பாடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். என்னோடு டெல்லிக்கு வரச் சொன்னதற்கு, "அங்க வந்தா ஒரு மூலையில ஒக்கார வச்சிடுவ" என்றாள் அம்மா.

லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சமையலறை நிலை தலையில் இடிக்கிற அளவுக்குத் தாழ்வு. அம்மாவின் நெற்றி புடைத்து நீலம் பாரித்திருந்தது. அவளைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார் அப்பா. பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இது வந்திருக்குமா?" என்றேன்.

"அன்னிக்கு மேடையில நீ வாய மூடிகினு இருந்திருந்தா நான் ஏன் பேசாம திரும்பி வரேன்?" என்றார் அவர்.

"ஒங்க ரெண்டு பேர் வீம்புக்கு என் தலதான் கெடச்சுதா?" என்றாள் அம்மா.

அவள் கேட்டது வாசல் பக்கம் பார்த்து. அங்கே யாரும் இல்லை. நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் அவளுக்கு இன்னும் திசை பிடிபடவில்லை. பதிலுக்காக அப்படியே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.