மாதாவின் காலடியில் ஒரு மீசைக்காரர்

நாங்கள் "தோடம்பழம்" என்று சொல்லும் ஆரஞ்சின் வாசனை எங்கள் அறையில் ஆண்டு முழுவதும் இருந்தது. பல்லரோச் சந்தையில் பழங்களைச் சுற்றிக் கொடுக்கும் படம் அச்சிட்ட மெல்லிய கடதாசிகளைச் சின்னம்மா மெத்தைக்கடியில் சேர்த்துவைத்ததே காரணம். தொண்ணூறுகளின் நடுவில், சிசிலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், அம்மாவும் அவருடைய தங்கையான சின்னம்மாவும் நானும் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட, அந்த ஊர்க்காரரான ஒரு வயதான அம்மையாரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கிழமை நாட்களில் வீடுகளைத் துப்புரவாக்கும் சின்னம்மா, ஞாயிறுகளில் கடதாசி வெட்டி ஒட்டிப் படம் செய்வார். "குப்பை பொறுக்கி" என்பது அம்மா வைத்த பெயர்.

ஆவணித் திருவிழாவுக்கு நாடுவிட்டு வந்திருந்த எங்கள் ஆட்களிடம், ஊர்வலம் கொண்டுபோக எங்கள் நாட்டு மடுக் கோயில் மாதாவின் சுரூபச் சிலை இருக்கவில்லை. படமொன்று செய்துதரச் சின்னம்மா ஒப்புக்கொண்டார். பிறருக்காக அவர் செய்த முதல் படம் அது. அங்கிக்கு நீலத் தோடம்பழக் கடதாசி, கரைக்கு அம்மாவின் கிழிந்த சேலை, சுற்றிலும் ஒட்ட, கோயிலில் கிடைத்த புனிதர் அட்டைகள். ஓர் அட்டையின் மூலையில் கழுத்துப்பட்டி கட்டிய மீசைக்காரர் ஒருவர் இருந்தார். இந்த ஊர்ப் புனிதராக்கும் என்று அவரை மாதாவின் காலடியில் ஒட்டினார்.

திருவிழாவுக்கு முதல்நாள் மேலே வந்த சிஞ்ஞோரா, மீசைக்காரர்மேல் விரலை வைத்தபடி நின்றுவிட்டார். அது இறந்துபோன அவருடைய கணவர். அட்டை, நினைவுப் பூசையில் கொடுத்தது. எங்களூரில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் "கல்வெட்டு" என்று ஒரு நினைவுப் புத்தகமே அடிப்பார்கள். கையகல அட்டைக்குள் ஒருவரின் சாவு அடங்கும் என்று சின்னம்மா நினைக்கவில்லை. பசையோ இறுகிவிட்டது, அவரை உரித்தால் மாதாவின் கீழ்ப்பாதியும் கிழிந்துவரும்.

"உரிச்சுக் குடுத்திடடி, ஆரின்ரையோ செத்த மனுசன்," என்றார் அம்மா.

சின்னம்மா கத்தியை எடுத்தார். சிஞ்ஞோரா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார். அந்தச் சிசிலியப் பேச்சு முழுதாகப் பிடிபட்டது, தெருப் பிள்ளைகளோடு விளையாடித் திரிந்த எனக்கு மட்டுந்தான்.

"என்னவாம் பிள்ளை?"

"வேண்டாமாம் சின்னம்மா. உயிரோடை இருக்கேக்கை கோயில் வாசல் மிதிக்காத மனுசனாம். இப்பதான் நல்ல இடத்திலை இருக்கிறாராம்."

மறுநாள் மாதா மீசைக்காரரோடுதான் ஊர்வலம் போனார். விவரம் தெரியாத எங்கள் ஆட்கள் அவருக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். திருவிழா முடிந்ததும் சிஞ்ஞோரா படத்தைக் கேட்டு வாங்கித் தன் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினார்.

இன்று சின்னம்மாவின் ஒட்டுப்படங்களைக் கண்காட்சிகளில் வைக்கிறார்கள். பக்கத்தில் "மரபு" என்று ஏதோ எழுதியிருக்கும். கால்சா வீடு சுற்றுலாப் பயணிகளின் விடுதியாகிவிட்டது. சிஞ்ஞோரா இறந்தபோது, அவர் சொல்லிவைத்தபடி, படத்தையும் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். முதல் படம் எங்கே என்று கண்காட்சிக்காரர்கள் கேட்டால் சின்னம்மாவிடம் ஒரே பதில்தான்.

"அது உரிய ஆக்களிட்டைப் போயிட்டுது."