கல்யாண கேக்கோடு ஒரு சவாரி

டிரைவிங் லைசன்ஸ் தபாலில் வந்த அன்று காலை, நான் காரை எடுத்துக்கொண்டு தனியாகவே முட்டத்துக்குக் கிளம்பினேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று ஒருவழியாக ஜெயித்தவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. துபாயிலிருந்து கணவர் போனில் சிரித்துக்கொண்டே, "சுவர்ல இடிக்காத" என்றார். அதுகூட இனித்தது.

ராஜாக்கமங்கலம் தாண்டியதும் சாலையோரம் ஒரு ஆட்டோ பழுதாகி நின்றது. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய அம்மாள் ஒருவர், பெரிய அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்தியபடி வெயிலில் நின்றார். வேறொரு நாளாக இருந்தால், நமக்கேன் வம்பு என்று போயிருப்பேன். அன்றைக்கு யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

"முட்டத்துக்கா போறே மக்கா? எங்க அக்கா மவளுக்கு கல்யாணம். கேக்கு என் கையில இருக்கு. எல்லாரும் காத்து நிக்கினும்."

"ஏறுங்க அக்கா."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மெல்லச் சொன்னார்: "ஒரு சைக்கிள்காரன் நம்மள முந்திற்று போறான், மக்கா."

"இன்னைக்குத்தான் லைசன்ஸ் வந்துது அக்கா. தனியா ஓட்டுறது இதுதான் முதல் தடவை."

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்தார். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. ஒரு வளைவில் நான் காரை ஒழுங்காகத் திருப்பியபிறகுதான் வாய் திறந்தார்.

"அப்பம் மெதுவாவே போ. கேக்குக்கும் அதான் நல்லது."

இருவரும் சிரித்தோம். அதன்பிறகு ஊர் வரும்வரை, மணப்பெண் சின்ன வயதில் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கேக் ஒரு பூ இதழ்கூடக் கலையாமல் போய்ச் சேர்ந்தது. நான் கிளம்பப் பார்த்தேன். அந்த அம்மாள் விடவில்லை. யாரென்றே தெரியாத வீட்டுப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேக் தின்றேன். பிரியாணியும் சாப்பிட்டேன். போட்டோவிலும் நிற்கவைத்தார்கள்.

திரும்பும்போதுதான் சிக்கல். சந்து குறுகல், எனக்கோ ரிவர்ஸ் சரியாக வராது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சாவி கேட்டார்கள். அந்த அம்மாள் கொடுக்கவிடவில்லை.

"அவ ஓட்டுவா. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்று, கையை ஆட்டிக் கூப்பிட்டார்: "வா மக்கா, இன்னும் வா, பயப்படாத."

ரிவர்ஸ் கியரைப் போட்டு நான் பின்னால் வந்தேன்.