பிளாஸ்திரி போட்டு வந்த அம்மை

போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்தேன். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, காலையில் சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டதன் பலன். முழங்கையில் நாலு விரல் அகலத்துக்குச் சிராய்ப்பு. மருந்துக்கடையில் இருந்த பெண் காயத்தைப் பார்த்துவிட்டு, "எதாச்சும் அலர்ஜி இருக்குங்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்க ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் பட்டியலை ஆரம்பித்தேன். ஒட்டுகிற பிளாஸ்திரி, டிங்சர், மஞ்சள் களிம்பு, புண்ணில் தூவுகிற பவுடர். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தண்ணியாச்சும் ஒத்துக்குமாங்க?" என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அலர்ஜி என்ற சொல்லே கிடையாது. ஒத்துக்காது, அவ்வளவுதான். அதுவும் கத்தரிக்காய் ஒத்துக்காது என்றால் நம்புவார்கள். மருந்தே ஒத்துக்காது என்றால் திமிர் என்பார்கள். எட்டாவது படிக்கும்போது முழங்காலில் டிங்சர் போட்டு, காயத்தைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. டீச்சரிடம் காட்டினேன். "மருந்து வேலை செய்யுதுடி" என்றார். எரிந்தால் வேலை செய்கிறது, அரித்தால் ஆறுகிறது. மருத்துவம் அன்றைக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்றொன்றில் விழுந்ததை. அப்போது டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். எங்களுக்கு எல்லாமே கீழ்பென்னாத்தூர் மாமாதான், அதாவது அம்மாவின் அண்ணன். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ பாஸ் பண்ணா வேலைக்குப் போ. இல்லன்னா தை மாசம் நம்ம பையனுக்கு முடிச்சுடலாம்." அவர் பையன் நல்லவன்தான். ஆனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விலை தவிர வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை. பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை. இதைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் தை வந்துவிடும். அம்மா இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. அண்ணன் கட்சி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் ஓட்டும்போதும் ஹேண்டில்பாரில் விரலால் டைப் அடிக்கிற வியாதி எனக்கு. கண்ணில் படுகிற பெயர்ப்பலகையை எல்லாம் அடித்துக்கொண்டே போவேன். அந்தத் திங்கட்கிழமை செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் பெயர் நீளமாக இருந்தது. பாதிப் பெயர் அடிப்பதற்குள் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் கிடந்தேன். முழங்கை, முழங்கால், இடது உள்ளங்கை. பரீட்சை சனிக்கிழமை.

பக்கத்து கிளினிக்கில் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கம்பவுண்டர் மஞ்சள் களிம்பை எடுத்தார்.

"எனக்கு மருந்து ஒத்துக்காதுங்க."

"மருந்து இன்னா உன் மாமியாரா, ஒத்துக்காம போறதுக்கு?" என்று சொல்லி அப்பி, மேலே பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டார்.

புதன்கிழமை காலையில் இரண்டு கையிலும் கழுத்திலும் முத்து முத்தாகக் கொப்புளம். அம்மா பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா."

அது ஆடி மாதம் வேறு. ஆத்தா வருவதற்கு அதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. அம்மை என்பது முடிவாகிவிட்டது. வாசலில் வேப்பிலை ஏறியது. தினமும் என்னை எருமை என்று எழுப்புகிற அம்மா, "இன்னா வேணும் தாயி?" என்று கேட்க ஆரம்பித்தாள். அரிக்கிறது என்றால், "விளையாடுறா" என்று பக்தியோடு சொன்னாள். இது பிளாஸ்திரி செய்த வேலை என்றேன். ஆத்தாவை அப்படி ஏசக்கூடாது என்றாள். வியாழக்கிழமை கம்பவுண்டரே அந்த வழியாக வந்தார். கடவுளே அனுப்பினார் என்று ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன். அவர் வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நல்லதும் நடந்தது. ஆத்தா இருக்கிற உடம்பில் மருந்து ஆகாது என்று அம்மா பிளாஸ்திரியைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, களிம்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். துவைத்த பழைய மல்துணியை ஒட்டாமல் மேலே போட்டு வைத்தாள். என் வாழ்நாளில் ஒரு சிராய்ப்பை அதன் போக்கில் விட்டது அதுதான் முதல் தடவை. இரண்டே நாளில் காய ஆரம்பித்தது. வேப்பிலை என்னோடு ஒத்துப்போனது.

ஆனால் அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் வாசப்படி தாண்டக்கூடாது. ஒரு தண்ணீருக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாள் விடவேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் சனிக்கிழமை தாண்டிப் போய்விடும். வியாழன் மாலை உட்கார்ந்து அழுதேன். "தை மாசம் என்னைத் தள்ளி வுட்டுடுவீங்க. அதுக்குத்தானே இவ்ளோவும்?" என்று கத்தினேன். அம்மா எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்க்கிறேன், முற்றத்து வெயிலில் மூன்று தவலை. மூன்றிலும் மஞ்சளும் வேப்பிலையும் மிதக்கின்றன. பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. மூன்று தண்ணீரையும் ஒரே நாளில் ஊற்றினாள். ஊற்றும்போது, ஹெட்மாஸ்டரிடம் லீவு கேட்கிற அதே குரலில் பேசினாள்: "தாயே, பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்ச. கொஞ்சம் சீக்கிரம் எறங்கிக்கோ. கோவம்னா எம்மேல காட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அதை வெறும் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு பரீட்சை எழுதினேன். பக்கத்து மெஷின் பையன் என் கழுத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை முடிந்தவரை நகர்த்திப் போட்டுக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ். ஓடிவந்து சொன்னேன். அம்மா தட்டு எடுத்து, என் குழம்பிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். முகம் சுளித்தாள்.

"உப்பு ஜாஸ்தியா போட்டுட்டேனா?"

"எப்பவும் போலத்தாம்மா இருக்குது."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: பரீட்சை அன்றிலிருந்து அவள் உப்பைத் தொடவில்லை. ஆத்தாவை அவசரப்படுத்தியதற்கு, ரிசல்ட் வரும்வரை உப்பு விலக்கு என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். உப்பு போடுவதற்கு முன்னால் தனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாளாம். பள்ளிக்கூடத்துச் சாம்பாரை வேறு யாரையாவது விட்டு ருசி பார்ப்பாளாம். இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு எழுத்துத் தப்பினால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

"ஃபெயில் ஆயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"அடுத்த பரீட்ச வரைக்கும் உப்பு இல்ல. வேற இன்னா?"

"அதுவரைக்கும் கல்யாணம் பண்ணாம மாமா வுடுவாரா?"

"ஆத்தா உத்தரவுன்னு சொல்லியிருப்பேன். அண்ணனுக்கு ஆத்தான்னா பயம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து வேலூரில் ஒரு தோல் டாக்டர், எனக்கு ஆகாததை எல்லாம் சோதித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிளாஸ்திரியின் பசை, மஞ்சள் களிம்பு, எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. இன்னா எழுதியிருக்காரு என்று அம்மா கேட்டாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த கிளினிக் இப்போது செல்போன் கடை. டைப்ரைட்டிங் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கம்பவுண்டர் என்று யாரையும் இப்போது கூப்பிடுவதில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "பரீட்சைக்கு மொத நாளு இவளுக்கு ஆத்தா எறங்கிப் போனா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவும் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அது அம்மையே இல்லை என்று இப்போது நான் தாராளமாகச் சொல்லலாம். சண்டைக்கு வர ஆள் இல்லை.