சிவப்புக்குத் தடை

போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய்த் தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் என்னுடையது. கொண்டை ஊசி வளைவில் யாராவது வாந்தி எடுப்பதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். என் மகள் ஐந்து வயதில் முன்சீட்டில் வாந்தி எடுத்தபோதும் பின்னாலிருந்து எலுமிச்சைதான் வந்தது. வெளியே வந்தது ரத்தம் என்று கண்டதும் ஜீப்பைத் திருப்பினேன்.

கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அதனால் உணவுக்குழாயில் ரத்த நரம்புகள் புடைத்து வெடிக்கின்றன என்றார்கள் மதுரையில். மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டு, புடைத்த நரம்புகளை ரப்பர் வளையத்தால் இறுக்கினார்கள். ஏலக்காய் மூட்டையின் வாயைக் கட்டுவது போலத்தான். பிறகும் பலமுறை போய்க் கட்டிக்கொண்டு வந்தோம்.

கட்டிய பின் சில நாள் சிவப்பாக எதுவும் தராதீர்கள், ரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது என்றார் டாக்டர். நான் சும்மா இருப்பேனா? சில நாளை வருஷக்கணக்காக்கினேன். பீட்ரூட் போனது, தர்பூசணி போனது, ரசத்தில் தக்காளியும் போனது. மனைவி சிவப்புச் சேலை எடுத்துவந்த அன்று அதையும் முறைத்தேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன மாதம் டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் சுருங்கிவிட்டது, இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்டு வாங்கி, தப்பான வார்டுக்குள் நுழைந்து, யாருடைய மாமனாருக்கோ ஊட்டிவிட்டேன். அவருக்குச் சர்க்கரை நோயாம். நர்சு துரத்தினார்.

மறுவாரம் மகள் இரண்டே இரண்டு கேட்டாள்: என் ஜீப்பில் முன்சீட்டு, ஒரு கிளாஸ் ரோஸ் சர்பத்து. இரண்டும் கிடைத்தன. நான் பாடிக்கொண்டே ஜீப்பை மலையேற்றினேன். பின்னால் இருந்த அக்காமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாலாவது வளைவில் அவள் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள். கதவெல்லாம் சிவப்பு.

பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து எலுமிச்சையை நீட்ட யாருக்கும் கை வரவில்லை.

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதப்பா. மோந்து பாரு, நீ வாங்கிக் குடுத்த சர்பத்துதான்."

இறங்கிப் போய்க் கதவை மோந்து பார்த்தேன். ரோஜா வாசம். அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது. எனக்குத்தான்.