வள்ளம் தெரியேல்லை

பெண்ணியத்துக்கு எங்கள் வகுப்பில் என்னை விட்டால் ஆளில்லை என்றுதான் போன வருடம் வரை நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பு அது. நாற்பது பெண்கள், என்னோடு சேர்த்து நான்கு ஆண்கள்.

அன்று எடுத்தது ஒரு பழைய நெய்தல் பாட்டு. கடலுக்குப் போனவன் வருவானா என்று தலைவி விடியற்காலையில் கரையில் நின்று கலங்குகிறாள். நான் எழுந்தேன். "காத்து நிக்கிறதைத் தவிர அவளுக்கு ஒரு வேலையும் குடுக்கேல்லை, மிஸ். இது ஆணாதிக்கம்!" என்று தொடங்கி இருபது நிமிடம் முழங்கினேன்.

கடைசி வரிசை வாங்கிலிருந்து குருநகர் ஜெனிற்றா கையை உயர்த்தினாள்.

"என்ரை அம்மாவும் ஒவ்வொரு நாளும் விடியக் கரையிலைதான் நிக்கிறா. அப்பாவுக்காக இல்லை, மீனுக்காக. அப்பா ஏலத்திலை நிண்டாரெண்டால் கேட்ட விலைக்குக் குடுத்திடுவார். நம்பிக்கை இல்லாட்டி வந்து பாரும்."

வகுப்பே சிரித்தது. அச்சுவேலித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையான நான் அதுவரை மீனைச் சட்டிக்குள்தான் கண்டிருந்தேன்.

ஆனாலும் விடவில்லை. சனிக்கிழமை விடியற்காலை, கொப்பியும் பேனையுமாகக் குருநகர்க் கரைக்குப் போனேன். ஜெனிற்றாவின் அம்மா இடுப்பில் கைவைத்துக் கடலையே பார்த்தபடி நின்றார். நான் அவருக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

"அன்ரி, இப்பிடிக் காத்து நிக்கேக்கை உங்கடை மனசுக்குள்ளை என்ன ஓடுது?"

"கொஞ்சம் தள்ளி நில்லு ராசா. வள்ளம் தெரியேல்லை."

தள்ளி நின்றேன். இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்காகப் பேச எழுந்தால், யாரை மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.