பகை ஓட்டிய மிதிவண்டி

மழைக்காலத்து விடியலில் போர்வையை உதறிவிட்டு வெளியே ஓடுவதற்கு மனவுறுதி வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். சென்ற ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரை, ஒருநாள் ஓட்டம், மறுநாள் மிதிவண்டி என்று ஒருநாளும் விடாமல் சென்றுவந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்கு மனவுறுதி இருந்ததில்லை. என் கணவரின் அக்காள் இருந்தார்.

மிதிவண்டி அவருடையது, சரியாகச் சொன்னால், வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்ட அவர் மகனுடையது. எனக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்தபோது அவரே மனமுவந்து கொடுத்தார். கொடுத்ததை ஊரறியச் சொல்லும் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆவணியில் உறவுப் பெண் ஒருத்தியின் வளைகாப்புப் பந்தியில், எனக்கு எதிர் இலையில் அமர்ந்து, ரசம் வருவதற்குள் தொடங்கினார்.

“இப்ப வெயிலு, ஜம்முனு போய்கினு வரா. நாலு தூறல் வுழட்டும், டீச்சரம்மா போர்வைக்குள்ள பூந்துக்குவா. ஒரு நாள் வூட்ல நின்னுட்டான்னு தெரிஞ்சுது, நானே வந்து எம்புள்ள சைக்கிள தள்ளிகினு போயிடுவேன், ஆமா.”

பந்தி சிரித்தது. சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர். அதன்பின் அவர் பாயசத்தை இருமுறை கேட்டு வாங்கினார் என்பதையும் நான் மறக்கவில்லை. என் வாயில் சோறு இருந்தது, விழுங்கினேன். அந்த வண்டியை அவர் அக்காள் கைக்குப் போகவிடுவதில்லை என்று கைகழுவும் இடத்தில் முடிவு செய்தேன்.

கணவரின் அக்காளை நான் அண்ணி என்றே அழைப்பேன். அவர் வீடு நெசவாளர் தெருவில் இருக்கிறது. வெயில் நாள்களில் விடியலில் அத்தெருவுக்குள் வண்டி நுழைய இயலாது. தறியில் ஏற்றும் பட்டு நூலைத் தெருநீளத்துக்குப் பாவாக இழுத்துக்கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் பாவு வெளியே வராது. தறிக்குழியில் நீர் ஊறுவதால் உள்ளே நெய்யவும் முடியாது. எனவே தெரு வெறுமையாகவும் வாசல்கள் நிறைவாகவும் இருக்கும். வேலையின்றி அமர்ந்திருந்த அத்தனை கண்களையும் நான் சாட்சியாக்கிக்கொண்டேன். நாள்தோறும் அவ்வழியே சென்றேன். மிதிவண்டி நாள்களில் அண்ணி வீட்டு வாசலில் மணியைத் தேவைக்கு மேல் அடித்தேன்.

“டீச்சர், ஜல்தி ஓடுங்க, செய்யார் கம்பெனி பஸ் போயிடப் போவுது!” என்பார் ஒரு நெசவாளர்.

“அவங்க பஸ்ஸுக்கா ஓடுறாங்க? நாத்தனாருக்கு ஓடுறாங்க,” என்பாள் அவர் மனைவி.

அந்தக் கம்பெனிப் பேருந்து என்னை நெடுஞ்சாலையில் கண்டுகொள்ளும். பள்ளத்து நீரை இடுப்பு வரை வாரியடித்துவிட்டுப் போகும். மூக்குக்கண்ணாடியில் மழை வழிந்தால் சாலை இரண்டாகத் தெரியும். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்துக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் சாய்த்து வைப்பேன். காலையில் அது பாதி உலர்ந்து, முழுதும் நாறும். வண்டிச் சேற்றைத் துடைக்க என் கணவரின் பூத்துவாலையை எடுத்துக்கொண்டேன். பாயசத்துக்கு அது போதாது என்றாலும் ஒரு தொடக்கம். எழ மனமில்லாத நாள்களில், ‘போர்வைக்குள்ள பூந்துக்குவா’ என்பதை அண்ணியின் குரலிலேயே ஒருமுறை சொல்லிக்கொள்வேன். கால்கள் தாமாகத் தரையைத் தேடும்.

ஆனால் கோபமும் மழைக்காலத்தில் அப்பளம்போல நமுத்துப்போகிறது. கார்த்திகை நடுவில் அச்சொற்கள் என்னைச் சுடவில்லை. ஆகவே கறிவேப்பிலை கேட்கும் சாக்கில், புதிய வசை ஒன்றைப் பெற்றுவர அண்ணி வீட்டுக்குச் சென்றேன். அவர் ஏமாற்றவில்லை.

“இன்னாம்மா, இளைச்சிட்டேன்னு நெனப்பா? மொகந்தான் ஒட்டிப்போயிருக்கு. இடுப்பு அப்பிடியேதான் கீது.”

அந்த வாரத்து மிதிவண்டி நாள்களில் எல்லாம் ஊர் தாண்டிச் சேவூர் வரை மிதித்தேன்.

வசைதான் எனக்கு உணவு என்பதை அண்ணி கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். எனக்குத் தும்மலும் இருமலும் கண்டபோது, செம்பு நிறையச் சுக்குக் காப்பியோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒடம்ப பாத்துக்கோ கண்ணு. ஒரு நாள் படுத்தா இன்னா இப்போ? நான் இன்னா நெசமாவா சைக்கிள எடுத்துகினு போயிடுவேன்?”

நான் அஞ்சிப்போனேன். ஏச்சை எதிர்த்து ஓடத் தெரியும். சுக்குக் காப்பியை எதிர்த்து எப்படி ஓடுவது? பனைவெல்லம் இட்டு, நன்றாகவும் இருந்தது. “பாத்தியா, அக்காவுக்கு எவ்ளோ பாசம்!” என்றார் என் கணவர். பகையே கரைந்து, மறுநாள் படுத்துவிடுவது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். விடைபெற்றுப் புறப்பட்ட அண்ணி, கூடத்தில் நின்ற மிதிவண்டியின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எடுத்துக்கொள்ள எண்ணமில்லாதவர் காற்றுப் பார்ப்பாரா? செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளைக்கு உரிய உடையை எடுத்துவைத்தேன்.

அடுத்து வந்தது புயல். பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள். உடம்பு கதகதவென்று இருந்தது. இருந்தும் விடிந்ததும் மிதிவண்டியோடு வெளியேறினேன். காற்று என்னை ஏறவிடவில்லை. ஏறிய இருமுறையும் கீழே தள்ளியது. கைப்பிடியைப் பற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். நெசவாளர் தெருவில் கணுக்கால் அளவு நீர். எதிரே, புடவையைத் தூக்கிச் செருகி, மடங்கிய குடையோடு போராடியபடி அண்ணி வந்துகொண்டிருந்தார். அவர் நடந்த திசையில் அவருக்குத் தெரிந்த வீடு என்னுடையது ஒன்றுதான்.

“எங்க அண்ணி, இந்த மழையில?”

அவர் பார்வை என்னிடமிருந்து மிதிவண்டிக்குப் போயிற்று. “பால் வாங்க,” என்றார். கையில் பாத்திரம் இல்லை, பையும் இல்லை.

“வழி வுடுங்க டீச்சர்!” என்று ஒரு வாசலிலிருந்து குரல் எழுந்தது. “உங்க அண்ணி பால குடையிலயே வாங்கிகினு வரப்போறாங்க!”

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவரைக் கடந்து சென்று, ஆளில்லாத அவர் வீட்டு வாசலில் நின்று, கை வலிக்கும் வரை மணியடித்தேன்.

தை பிறந்து, தரை உலர்ந்து, தெருவில் பாவு மீண்டும் நீண்ட ஒரு காலையில், மிதிவண்டியைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, பாவுக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கித் தள்ளிச்சென்று அண்ணியின் வாசலில் நிறுத்தினேன். கைப்பிடியை அவர் கையில் கொடுத்தேன்.

“இன்னாத்துக்கும்மா? நீயே வெச்சிக்கோ. உன்னுது மாதிரிதான்.”

“வேணாம் அண்ணி. வெயில்ல யார் வேணும்னாலும் ஓட்டலாம். நீங்க ஓட்டுங்க.”

பாவின் மேல் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணிக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. தாங்குகாலைப் போட்டு நிறுத்தவும் தெரியாது. எப்பக்கம் சாயுமோ என்று இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி அத்தனை பேர் பார்வையிலும் நின்றார். காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி, ஓடத் தொடங்கினேன்.