ஒரு கோடியே ஒன்று

போன வெள்ளிக்கிழமை காலை மும்பை லோக்கல் ரயிலில் கேக் வெட்டினோம். பத்மாவுக்கு ஆபீஸில் கடைசி நாள்.

லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எங்கள் செட் பத்துப் பேர். யாருக்கு விசேஷம் வந்தாலும் கேக்கில் பெயர் எழுதமாட்டோம், ஓர் எண் எழுதுவோம். எண்ணைத் தேர்ந்தெடுப்பது நான். எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள் இல்லையா... எண்ணின் குணத்தையும் நான்தான் விளக்குவேன். பதினெட்டு வருஷமாக அது என் இலாகா.

பத்மா காட்கோபரில் ஏறுவாள். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். நான் மாட்டுங்காவில் ஏறி உட்காருவேன். மூன்று மாதமாக அந்த சீட்டில் செல்வி. தாராவிப் பெண், பைக்குலாவில் ஒரு லேபில் வேலை. அவள் ஏறுவது சயானில். எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்! இதற்கு யார் மேல் கேஸ் போடுவது?

பொறாமைதான். ஒளிப்பானேன்?

பத்மாவுக்காக நான் கொடுத்த எண் 1,00,00,001. இந்த ஓரத்து ஒன்று பத்மா, அந்த ஓரத்து ஒன்று நான். நடுவில் ஆறு பூஜ்யம் — மற்றவர்கள், மொத்தமாக. (அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.)

"இது பகா எண். எதாலும் வகுக்க முடியாது, நம்ம சிநேகிதம் மாதிரி" என்றேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு வரை போட்டுப் பார்த்திருந்தேன். அதற்கு மேல் சோம்பல்.

பத்மா கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள்.

"யக்கா, இது பதினொண்ணுல போகும்லா? ஒத்தை எடத்து நம்பரைக் கூட்டுங்க, ஒண்ணு. ரெட்டை எடத்தைக் கூட்டுங்க, அதும் ஒண்ணு. கழிச்சா சைபர். அப்பம் போகத்தான செய்யும்?"

போகத்தான் செய்தது. ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று தடவை, மீதி இல்லாமல். பள்ளிக்கூடத்துச் சூத்திரம்! எனக்குக் காது சுட்டது. ஒரு பெண் சிரித்தாள். அது யார் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

பத்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாம எத்தனை பேர்டி?" என்றாள் என்னிடம்.

"பத்து." பட்டென்று சொன்னேன்.

"செல்வியைச் சேர்த்து?"

தாதர் வந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. பத்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...பதினொண்ணு."

"அப்ப கணக்கு சரியா இருக்கு. மீதியில்லாம வெட்டலாம்" என்று பிளாஸ்டிக் கத்தியை எடுத்தாள்.

நீளக் கேக், பதினோரு துண்டு. முதல் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள். கடைசி ஒன்றை — என் ஒன்றை — செல்வி கையில் கொடுத்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து இவளுக்கு நீ பையை வச்சு இடம் பிடி" என்றாள், என்னைக் காட்டி.

செல்வி தலையாட்டினாள். வாய் நிறையக் கேக்.

எனக்கு வந்த துண்டில் முழுசாக ஒரு பூஜ்யம். சாப்பிட்டேன்... நன்றாகத்தான் இருந்தது.